குறையாத விறகு

வேலை முடிந்து வந்து அடுப்புச் சாம்பலில் கைவைத்த ரெங்கசாமி, வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். காலையில் கஞ்சி காய்ச்சியதும் கொள்ளிகளை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் அரிசி மில்லுக்குப் போயிருந்தார். பூட்டிய வீடு. இருந்தும் சாம்பலுக்கு அடியில் தணல் கனிந்து கிடந்தது. பரணில் உலரப்போட்டிருந்த தேக்குத் துண்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அது 1926ஆம் வருஷத்து மழைக்காலம். ரங்கூனில், பசுண்டாங் ஓடைப் பக்கத்து மரவீடுகளில் சுவர்கூட ஊறிப்போயிருந்தது. காய்ந்த விறகு அரிது. அவர் மனைவி கனகாம்பாள் இருந்தவரை ஒரு துண்டை வீணாக்கியதில்லை. சோறு முக்கால் வேக்காட்டுக்கு வந்ததும் விறகை இழுத்துவிடுவாள். மிச்சம் தணலிலேயே வெந்துவிடும். தை மாதத்தில் காய்ச்சலில் கிடந்து நடுங்கியபோது, வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், "வேண்டாங்க, விறகு தீந்துரும்" என்றாள். அவரும் வைக்கவில்லை. விடிவதற்குள் அவள் உடம்பு சில்லிட்டுப்போனது.

அடுத்த வீட்டு உம்மு சல்மா வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஊர்லேருந்து யாரும் வந்திருக்காகளா?"

"யாருமில்லையேம்மா."

"மத்தியானம் உங்க கூரையில புகை வந்துச்சு. நேத்தும் வந்துச்சு. ஊதாங்குழல் சத்தங்கூடக் கேட்டுச்சுண்ணே."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பயம்தான். ஆனாலும் பாயைத் தணலருகே நகர்த்திப் போட்டுப் படுத்தார்.

மறுநாள் அவருக்கே காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்ட, நடுப்பகலே இருண்டு, ஈரப் பலகையின் பூஞ்சணமும் பழஞ்சாம்பலும் நாறிய அந்த அறையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவரின் காதில், மழைக்கு நடுவே மெல்ல ஒரு ஊதல் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது.

மயிர் கருகும் வாடை.

கண் திறந்தார்.

அடுப்பின் முன் கனகாம்பாளின் முதுகு. பானை கொதித்துக்கொண்டிருந்தது. பரணில் விறகு அப்படியே இருந்தது. எரிய எரிய விறகைத் தள்ளுவதுபோல, கொஞ்சங் கொஞ்சமாக, அவள் தன் காலை அடுப்புக்குள் தள்ளினாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"குளிருதாங்க?"

திரும்பாமலே கேட்டாள்.

அவர் கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

போர்வைக்குள் ஒரு கை வந்தது. கணுக்காலைப் பற்றியது. ஏழு மாதமாக அவரை யாரும் தொட்டதில்லை. மெல்ல இழுத்தது.

பாதம் தணலில் பட்டது.

சுடவில்லை. இதமாக இருந்தது.

ரெங்கசாமி மற்றக் காலையும் நீட்டினார்.