இரண்டாவது கம்பி

பெட்டியைத் திறந்ததும் கார்த்திகேசு புருவத்தைச் சுருக்கினார்.

"ஒரு ஸ்ட்ரிங் எங்கம்மா?"

எவலின் எட்டிப் பார்த்தாள். ஆறு கம்பிகள் இருக்கவேண்டிய கிட்டாரில் ஐந்துதான் இருந்தன. கீழிருந்து இரண்டாவது, மெல்லிசான வெள்ளைக் கம்பி, அதைக் காணோம். முந்தின நாள் மாலை தூசி தட்டிப் பெட்டிக்குள் வைத்தவள் அவள்தான். அப்போது ஆறும் இருந்தன. இன்று மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறியதிலிருந்து, கிள்ளானில் இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை, பெட்டி அவள் கையைவிட்டு இறங்கவில்லை.

"அறுந்திருக்கும் அண்ணே. என் மகதான் வாசிச்சிக்கிட்டு இருந்தா."

"அறுந்தா முனை தொங்கும்மா. இது யாரோ பொறுமையா உருவி எடுத்தது."

எவலினுக்குச் சுருக்கென்று ஏறியது. அவளுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. இன்று காரணமும் இருந்தது. நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், கை வைக்காதே என்று மகள் சூசனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பதினைந்து வயதுக் கழுதை. வீட்டுக்குப் போனதும் இருக்கிறது அவளுக்கு.

கார்த்திகேசு பழைய கிட்டார்களை வாங்கி மாற்றுகிறவர். வீட்டின் பின்னறை முழுக்கச் சுவரில் கிட்டார்கள் தொங்கின. ஏர்கோன் குளிரில் மர எண்ணெயும் பழைய வார்னிஷும் கலந்த ஒரு வாசனை மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே மழை கார் நிறுத்தும் இடத்துக் கூரைத் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் ஸ்டாண்டில் நின்ற ஸ்பெயின் நாட்டுக் கிட்டார்தான் எவலினுக்கு வேண்டும். சூசனுக்கு ஆண்டுக் கடைசியில் இசைத் தேர்வு இருந்தது. பழசு தேறினால் இதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம், காசு பேச்சு வேண்டாம் என்று ஏற்பாடு. இந்தச் சனியன் வீட்டைவிட்டுத் தொலையும், பிள்ளைக்கும் நல்லதாக ஒன்று கிடைக்கும்.

பழசு எவலினுடைய அப்பா பேசிலுடையது. கேரி தீவு எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது என்பார். அவர் சொன்னதில் எது உண்மை என்று யார் கண்டது. சாயங்காலமானால் தலைக்குப் பிரில்கிரீம் தடவிக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக வாசிக்கப் போகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிய சாயங்காலமும் போனவர். அவருக்கு இடது கையில் மோதிர விரல் கிடையாது. இளவயதில் ஒரு மர ஆலையில் ரம்பம் கொண்டுபோய்விட்டது. மீதி மூன்று விரலால் அவர் கம்பியை அழுத்தும் லாவகத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். அந்தப் பாராட்டு தலைக்கேறி, தன் முறைதான் முறை என்று முடிவு கட்டிவிட்டார். சிறுபிள்ளை எவலினுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது அவளுடைய மோதிர விரலை மடக்கி, கிட்டாரின் இரண்டாவது கம்பியைக் கழற்றி அதாலேயே சுற்றிக் கட்டினார்.

"மூணு விரல் போதும். மீதி திமிரு," என்றார்.

அழுதால் இன்னொரு சுற்று. அந்தத் தழும்பு இன்றும் அவளுடைய கல்யாண மோதிரத்துக்கு அடியில் இருக்கிறது. கிழவர் முதியோர் இல்லத்தில் கிடந்தபோது அவள் எட்டிப் பார்க்கவில்லை. செத்தபோதும் போகவில்லை. அந்த இல்லத்தை நடத்திய கன்னியாஸ்திரிகள்தான் கிட்டாரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அவள் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பாள். விலை விசாரித்தபோது போனில் தடுத்தவர் கார்த்திகேசு. ரொம்ப நாள் சும்மா கிடந்த மரம் தூங்கிவிடும், இப்போது கொண்டுவந்தால் குறைவாகத்தான் மதிப்பேன், யாரையாவது தினமும் வாசிக்க வையுங்கள், ஒலி நிறைந்து குரல் திறந்ததும் கொண்டுவாருங்கள் என்றார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். எவலின் அதன் கம்பிகளைத் தொடமாட்டாள். அதனால் சூசனை வாசிக்கச் சொன்னாள். தினமும் சாயங்காலம் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள். ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கார்த்திகேசு வேலையில் இறங்கிவிட்டார். விரல் முட்டியால் மேல்பலகையைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற சின்னக் கண்ணாடியைக் கிட்டாரின் நடு ஓட்டைக்குள் விட்டு உள்கட்டைகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று நோக்கினார். கடைசியாக ஓட்டையில் மூக்கை வைத்தார்.

"பிரில்கிரீம்," என்றார். "நேத்து தடவின மாதிரி இருக்கே."

"அதுக்காகக் குறைக்கப் போறீங்களா?"

"வாசனைக்கு யாரும் குறைக்க மாட்டாங்கம்மா. கோபப்படாதீங்க."

கோபப்படாதே என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எவலினுக்கு இன்னும் கோபம் வரும். கார்த்திகேசு திரையை இழுத்து அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு நீல விளக்கைப் போட்டார். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும், மறுபடி பூசியிருந்தால் மினுங்காது என்று விளக்கினார். கிட்டார் முழுக்க மினுங்கியது. கழுத்தின் பின்பக்கம் மட்டும், பெருவிரல் தேய்ந்து தேய்ந்து, கறுப்பாக ஒரு தடம். அவர் கழுத்தைத் திருப்பி விரல் பலகைமேல் விளக்கைப் பிடித்தார். மரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன.

"உங்க அப்பா மூணு விரல்லதான் வாசிச்சாரு, சரியா? இங்க பாருங்க. ஆள்காட்டி, நடுவிரல், சுண்டு விரல். மோதிர விரல் விழுற இடம் எங்கேயும் தேயவே இல்ல. பழைய பள்ளம், அழுக்கு அடைஞ்சிருக்கு." விளக்கு கொஞ்சம் நகர்ந்தது. "ஆனா அதுக்குள்ளேயே இது புதுசு. சின்ன விரலு. மரம் இன்னும் வெளுப்பாவே இருக்கு."

"என் மகளோடதுதான்."

கார்த்திகேசு நிமிர்ந்தார். நீல வெளிச்சத்தில் அவர் பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"அவளுக்கும் அந்த விரல் இல்லையா?"

தகரத்தில் மழை கொட்டியது.

"என் மகளுக்குப் பத்து விரலும் இருக்கு," என்றாள் எவலின். "பாத்துப் பேசுங்க அண்ணே. விலையைக் குறைக்கணும்னா நேரா சொல்லுங்க. என் பிள்ளையை ஏன் இழுக்கறீங்க?"

"இழுக்கல லா. தேய்மானத்தைத்தான் சொல்றேன்."

அவர் கிட்டாரை மடியில் வைத்து, இருந்த ஐந்து கம்பிகளையும் ஒருமுறை மீட்டினார். ஒலி அறை முழுக்க நிறைந்து வெகுநேரம் நின்றது. சுவரில் தொங்கிய மற்றக் கிட்டார்கள் லேசாக ரீங்கரித்தன. கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"என்னமா திறந்திருக்கு. இந்தக் குரலை நான் கேட்டதே இல்ல."

அப்போதுதான் எவலின் அதைப் பார்த்தாள். கிட்டாரின் தலையில், கம்பி இல்லாத அந்தக் காலித் திருகு, தானாக மெல்லத் திரும்பியது. பழைய பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறும் சத்தம். கிர்ரக். நின்றது. கிர்ரக்.

"அது ஏன் சுத்துது?"

"கியர் தேஞ்சிருக்கும். மாத்திடலாம்." அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண் முழுக்க மரத்தின்மேல் இருந்தது.

ஒரு நொடி, ஒரே நொடி, அவளுக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. அடுத்த நொடி அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. போதும். செத்த பிறகும் இந்த மனுஷன் அவளை அலைக்கழிப்பதா?

"உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்மா. அந்த ஸ்பெயின் கிட்டாரை எடுத்துக்குங்க. இது இனிமே என் சாமான். திரும்பக் கேக்கக்கூடாது."

"செத்தாலும் கேக்கமாட்டேன்," என்றாள் எவலின்.

ரயிலில் கூட்டமில்லை. புதுக் கிட்டாரின் பெட்டி மடிமேல் லேசாக இருந்தது. ஜன்னலில் மழைநீர் சாய்ந்து ஓட, மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு எவலினுக்கு உடம்பு இளகியமாதிரி இருந்தது. கம்பியைக் கழற்றியதற்காக சூசனை இரண்டு திட்டு திட்டலாம், அதற்கப்புறம் இதைக் கையில் கொடுக்கலாம். பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பில் வந்த சூசன் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

இந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர். சாம்பல் நிறம், கை நீளமானது, விரல் நுனிவரை மூடும். ஒரு வாரமாகவோ என்னவோ அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள். பள்ளிவிட்டு வந்ததும் ஸ்வெட்டர். சாப்பிடும்போதும் இடது கை மேஜைக்கு அடியில். போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போதுகூட வலது கையை மட்டும் நீட்டினாள். அதற்கும் எவலின் திட்டினாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், மரியாதை தெரியாதா என்று. திட்டினாளே ஒழிய, கையைக் காட்டு என்று கேட்கவில்லை. கம்பி காணாமல் போனது நேற்றிரவுதான், அந்தக் கை அதற்கு முன்பிருந்தே மறைந்திருக்கிறது.

போனை எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

எடுக்கவில்லை.

ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்றது. கதவு திறந்தது. மூடியது. யாரும் ஏறவில்லை. எவலின் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். அடியில் தழும்பு அரித்தது. அது இதுவரை அரித்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கோயில் மணிச் சத்தமும் கடைகளின் பாட்டுச் சத்தமும் மழையில் நனைந்து மங்கலாகக் கேட்டன. லிஃப்டில் ஏறும்போதே அவளுக்கு அந்த வாசனை வந்தது. கதவைத் திறந்ததும் இன்னும் பலமாக. பிரில்கிரீம்.

"சூசன்."

டிவி ஓடவில்லை. வீட்டில் விளக்கே இல்லை. அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு சத்தம்.

கிர்ரக்.

கிட்டார் கிள்ளானில் இருக்கிறது. கார்த்திகேசு வீட்டுப் பின்னறையில். அவள் கையால் கொடுத்துவிட்டு வந்தது.

கிர்ரக்.

விளக்கைப் போட்டாள். சூசன் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டரின் இடது கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். தலைமுடியைப் படிய வாரி, பளபளவென்று, ஒரு பக்கமாக வகிடு எடுத்திருந்தாள். இடது கை அந்தரத்தில் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தது. ஆள்காட்டி, நடுவிரல், சுண்டு விரல் மூன்றும் இல்லாத கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. மோதிர விரல் உள்ளங்கையோடு மடங்கியிருந்தது. கறுத்துப்போய். அதைச் சுற்றி வெள்ளைக் கம்பி, சுற்றுக்குமேல் சுற்றாக, சதைக்குள் இறங்கியிருந்தது.

எவலின் புதுக் கிட்டாரைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தாள். கம்பியின் முனையைத் தேடினாள். நகத்தால் கிண்டினாள். முனை இல்லை. சமையல்கட்டுக்கு ஓடிக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். கத்தரி நுழைய இடமில்லை. அவள் தொடத் தொடக் கம்பி உள்ளே போனது. பிள்ளை முனகக்கூட இல்லை.

கார்த்திகேசுவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, அந்தத் திருகு. காலித் திருகு. அதைத் தளர்த்துங்க. சீக்கிரம்."

"நானே கூப்பிட நினைச்சேன்மா." அவர் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "நீங்க போனதுலேருந்து அது சுத்துது. கையால பிடிச்சாலும் நிக்கல."

"எதிர்ப்பக்கம் திருப்புங்க. தளர்த்துங்க அண்ணே, என் மக விரலு."

"சரிம்மா. இதோ."

கிர்ரக். போனில் கேட்டது. அதே நொடி அறையிலும் கேட்டது. கம்பி ஒரு சுற்று இறங்கியது. எலும்பில் உரசும் சத்தம்.

"நிறுத்துங்க. இறுக்கறீங்க நீங்க."

"நான் தளர்த்தத்தான் செய்யறேன்மா," என்றார் கார்த்திகேசு. அவர் அழுதுகொண்டிருந்தார். "எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படித்தான் போகுது. கையை எடுக்க முடியல என்னால."

கிர்ரக்.

எவலினுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அப்பனைத் திட்டவேண்டும், செத்த கிழவனைக் குழிக்குள்ளிருந்து இழுத்துப் போட்டு மிதிக்கவேண்டும். தேடிப் பார்த்தாள். இத்தனை வருஷம் துணைக்கு வந்த கோபம் எங்கேயும் இல்லை. மண்டியிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

சூசன் மெல்லத் திரும்பி, கண்ணில் கொஞ்சமும் வலியில்லாமல், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூணு விரல் போதும்மா," என்றாள்.

சொல்லிவிட்டு வலது கையால் அம்மாவின் இடது கையைப் பிடித்து, மோதிரத்தைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு எவலினுடைய தழும்பு விரலை, சின்ன வயதில் ஒருவர் மடக்கிய அதே மாதிரி, உள்ளங்கையோடு மடக்கினாள்.