ஏர்கூலருக்குள் நான்கு குட்டிகள்

"நிறுத்துங்க... வண்டியை நிறுத்துங்க..."

ஹைதராபாத்தின் ஷா அலி பண்டா கடைத்தெருவில், உச்சி வெயிலில், ஒரு பெண் துப்பட்டா பறக்க வெறுங்காலோடு ஓடினால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? நௌஷீனுக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் கண்ணெல்லாம் முன்னால் போகும் மூன்று சக்கர மிதிவண்டி மேல்... அதில் கட்டியிருந்த தன் வீட்டு ஏர்கூலர் மேல்.

வண்டி நின்றது. ஓட்டி வந்தவன் திரும்பினான். வியர்வை வழியும் நெற்றி... அதற்குக் கீழே, சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத இரண்டு கண்கள். எதற்கு ஓடி வந்தோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துபோனது. ஒரு கணம்தான்.

"எங்க பூனைக்குட்டிங்களைத் திருடிட்டுப் போறீங்க."

"நானா? கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டி மாத்தணும்னு உங்கப்பாதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. பூனையை யாருங்க கண்டா?"

"உள்ள பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. கோடை பிறந்தால் ஊர்க் கூலர்களையெல்லாம் மொட்டைமாடியிலிருந்து இறக்குவது தன்வீரின் தொழில். குளிர்காலம் முழுக்கச் சாக்குச் சுற்றிக் கிடக்கும் பெட்டியை அப்படியே தூக்கி வருவான். பிரிப்பதெல்லாம் கடையில்தான்.

அவசரமாகச் சாக்கைக் கிழித்தான். அடியில் பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை. பழைய வேரின் மேல் நான்கு குட்டிகள். பிறந்து பத்து நாள் இருக்கும், கண்கூடத் திறக்கவில்லை. தகரப் பெட்டி அடுப்பாய்க் கொதித்தது. மூன்று குட்டிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சாம்பல் நிறக் குட்டி மட்டும் அசையவே இல்லை.

நௌஷீன் லஸ்ஸி கடைக்கு ஓடி ஐஸ்கட்டியோடு வந்தாள். தன்வீர் கையை நீட்டித் தடுத்தான்.

"ஐஸ் வேணாங்க. இவ்ளோ சின்னதுங்க சூட்டையும் தாங்காது, திடீர்க் குளிரையும் தாங்காது. சாதாத் தண்ணி போதும்."

"நீங்க என்ன பூனை டாக்டரா?"

"எங்க கடைல வருஷா வருஷம் ஒரு பூனை குட்டி போடுது. அது பிறாண்டிப் பிறாண்டிச் சொல்லிக் கொடுத்திருக்கு."

துண்டை நனைத்துப் பிழிந்து, காது, பாதம், வயிறு என்று மெல்ல ஒற்றினான். தெருவோரக் கடை ஒன்றின் நிழலில் இருவரும் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். எவ்வளவு பெரிய கை... எவ்வளவு மெதுவாக... சாம்பல் குட்டி ஈனக் குரலில் 'மீ' என்றது. நௌஷீன் அழுதே விட்டாள்.

"இப்பப் போய் அழறீங்களே," என்றான்.

இருவரும் கூலரோடு திரும்பியபோது வீட்டில் தாய்ப்பூனை கத்திக்கொண்டிருந்தது. மொட்டைமாடி ஆகாது என்று, வெயில் படாத வராந்தாவில் கூலரை வைத்தான். யாரும் ஓடவிடாதபடி மோட்டாரின் ஒயரை மட்டும் பிடுங்கி வைத்தான். ஒரு பக்கம் மட்டும் ஈர வெட்டிவேர், மறுபக்கம் காய்ந்த பருத்தித் துணி.

"சூடா இருந்தா இந்தப் பக்கம் நகரும், குளிர்ந்தா அந்தப் பக்கம். அதுங்களுக்கே தெரியும்."

தாய்ப்பூனை உள்ளே குதித்ததும்தான் நௌஷீனுக்கு மூச்சு வந்தது. அப்போது பார்த்து அப்பா வந்தார்.

"வெள்ளிக்கிழமை உன்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க பேட்டா. கூலர் இல்லாம அவங்களை எப்படி உட்கார வைக்கிறது?"

தன்வீரின் கை நின்றது. "நான் கிளம்பறேன் சாச்சா," என்றவன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரோஷக்காரன்...

வெள்ளிக்கிழமை மின்விசிறி அனலை அள்ளி வீசியது. மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பூனைங்களை வெளிய விட்டுட்டு அந்தக் கூலரை இங்க வைங்களேன்."

அப்பா எழுந்தார். நௌஷீன் வராந்தா வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"இன்னும் கண்ணு திறக்கலை ஆன்ட்டி. இந்த வெயில்ல செத்துடும். நான் பக்கத்துல நின்னு விசிறறேன்."

மாப்பிள்ளை சிரித்தான். "நாலு போனா நாப்பது வரும்."

அப்பா அவனையே பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. கூலர் அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

சர்பத்தைக் குடிக்காமலே அவர்கள் போனார்கள். நௌஷீனுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"அந்தக் கூலர்காரப் பையன் கடை எங்கே இருக்கு?" என்று கேட்டார் அப்பா, வேறு எங்கோ பார்த்தபடி.

மறுநாள் காலை அவள் தன்வீரின் கடை வாசலில் நின்றாள்.

"நாலும் கண்ணைத் திறந்துடுச்சு."

தன்வீரின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "நல்லதுங்க... கல்யாணம் எப்போ?"

"அந்த இடம் வேணாம்னுட்டோம். நீங்க ஏன் குட்டிங்களைப் பார்க்க வரலை?"

"வந்தா குட்டிங்களை மட்டும் பார்த்துட்டுத் திரும்ப முடியாது... அதான்."

அவள் காது சிவந்தது. "அப்பா ஆட்டோல உட்கார்ந்திருக்காரு. தைரியம் இருந்தா அவர்கிட்ட சொல்லுங்க."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன்வீர் நேராக ஆட்டோவுக்குப் போனான். தெருவே கேட்கும்படி சொன்னான்.

"சாச்சா, உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அப்பா நகர்ந்து இடம் விட்டார். "முதல்ல உள்ள ஏறு. வெயில்ல நிக்காதே."