ஐந்தாவது முடிச்சு

கயிற்றின் ஒரு நுனி ஒழுங்காக இருந்தது, மறு நுனி இல்லை. இருபது வருடமாகத் துணிகளின் ஓரத்தைப் பார்த்தே பழகிய தையல்காரியின் கண் அவளுக்கு. கரையில் மற்றவர்கள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் வழிகாட்டியின் தோளில் கிடந்த கயிற்றுச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் நுனியில் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றி, பிரியாதபடி இறுக்கித் தார் பூசியிருந்தான். பின் நுனி கத்தியால் வெட்டிவிட்டபடியே பிசிறு பிசிறாக நின்றது. கயிறு முழுக்கக் கை பட்டுக் கறுத்திருக்க, வெட்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் இந்த முனையை மட்டும் ஏன் இப்படி விட்டான்? ஓரம் அடிக்காத ரவிக்கையை யாராவது போட்டுக்கொண்டு எதிரில் வந்தால் வருகிற எரிச்சல்தான் வந்தது.

அன்று காலையிலிருந்து மூன்று கடற்கரைகளைப் பார்த்தாகிவிட்டது. கறுப்பு மணல், வெள்ளை மணல், கூழாங்கல். நாலாவதாக மணல்மேட்டைக் கடந்து தீவின் மறுபக்கம் இறங்க வேண்டும். இறக்கிவிட்ட படகு சுற்றிக்கொண்டு அங்கே வந்து நிற்கும். வழிகாட்டியைத் தவிர ஐந்தே பேர். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு ஜோடி, ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே வந்த ஓய்வுபெற்ற வாத்தியார், அவள், அவள் தங்கை.

தங்கையோடு அவள் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் பிடிக்காத ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போனவளை வாசலில் நிற்க வைத்து, "இனிமே எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல" என்று சொன்னது இவள்தான். அவன் இரண்டே வருடத்தில் கைவிட்டுப் போனதும் தெரியும். தெரிந்தும் வீம்பு விடவில்லை. போன மாதம் தங்கையே ஃபோன் செய்தாள். "வீட்டுக்குக் கூப்பிட வேணாம்க்கா. ஒரு நாள் எங்கயாச்சும் என்கூட வா. சண்டை போடறதுன்னாலும் கடல் காத்து வாங்கிக்கிட்டே போடலாம்." இவள் சிரிக்கவில்லை, ஆனால் வந்துவிட்டாள். வரும்போது வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "திரும்பி வந்துடுடி" என்று இரண்டு வார்த்தை சொல்லக்கூட வேண்டாம், சாவியைக் கையில் கொடுத்தால் போதும். மூன்று கடற்கரையிலும் அதற்குக் கை வரவில்லை. படகில் ஏறுவதற்குள் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள்.

மேட்டின் அடிவாரத்தில் வழிகாட்டி கயிற்றைப் பிரித்தான். நாலு முழத்துக்கு ஒரு முடிச்சு, மொத்தம் ஐந்து.

"மேல ஏறினா காத்து மணலைத் தூக்கும். முன்னாடி போற ஆளோட முதுகுகூடத் தெரியாது. ஆளுக்கொரு முடிச்சு, விடக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது, கண்ணு போயிடும். அப்பப்ப நான் ஒரு தடவை இழுப்பேன். இருக்கீங்களான்னு கேக்கறேன்னு அர்த்தம். அதைப் பின்னாடி கடத்தி விடுங்க. கடைசி ஆள் ரெண்டு தடவை இழுக்கணும். அது முன்னாடி எனக்கு வந்து சேரணும். அவ்வளவுதான்."

"நல்ல ஏற்பாடு" என்றார் வாத்தியார்.

"இன்னொண்ணு. நான்தான் கேப்பேன். பின்னாடியிருந்து கேள்வி வந்தா யாரும் பதில் சொல்லாதீங்க."

"ஏன்?"

"குழப்பம் ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டான்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் ஒரே பாயில் படுப்பார்கள். பேசினால் அம்மா வைவாள் என்று துண்டுத் துணியில் ஒரு நாடா கிழித்து இரண்டு பேரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். சண்டை போட்ட இரவுகளில் தங்கைதான் முதலில் இறங்கி வருவாள். மெதுவாக ஒரே ஒரு இழுப்பு. கோபம் போச்சா? இவள் இரண்டு இழுத்தால் போய்விட்டது. இழுக்காவிட்டால் இன்னும் இருக்கிறது.

"நீ பின்னாடி வா" என்றாள் அவள். மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டு நடக்கும்போது முகத்தைத் தங்கை பார்த்துவிடக் கூடாது, அதுதான் காரணம். தங்கை ஐந்தாவது முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஏறினார்கள். கால் புதைந்தது, எடுத்தால் அடுத்த கால் புதைந்தது. பாதி மேட்டில் காற்று வந்தது. முதலில் கணுக்காலில் சுருக் சுருக்கென்று குத்தியது, பிறகு முழங்காலில், பிறகு முந்தானையைப் போர்த்தி மூடிய முகத்தில். நடுப்பகல் வெயில் மங்கி, காய்ச்சிய பாலில் ஏடு படிகிற மாதிரி வானத்தில் ஒரு மஞ்சள் படிந்தது. கால் பாவிய இடத்திலெல்லாம் மணல் உள்ளுக்குள் ஏதோ முனகியது. எங்கோ அடியில் ஒரு பெரிய தையல் மெஷின் துணி இல்லாமல் ஓடுவது போன்ற சத்தம். கூடவே ஒரு வாடை, பல வருடம் திறக்காத டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருகிற ஈர வாடை. இத்தனை காய்ந்த மணலில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அக்கா, அந்த ஃபிளாஸ்க்குல என்ன இருக்கும்? பிரம்பா?"

தங்கையின் குரல் முதுகுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது. அவள் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டாள். பதில் சொல்ல வாய் திறந்தால் மணல்தான் உள்ளே போகும்.

முன்னால் இருந்து ஒரு இழுப்பு வந்தது. பின்னால் கடத்தினாள். இரண்டு இழுப்பு திரும்பி வந்தது. வாத்தியாருக்கு அனுப்பினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. நாலு முழத்துக்கு அப்பால் வாத்தியார் இருக்கிறார் என்பதே நம்பிக்கைதான். தங்கை இன்னொரு முறை "அக்கா" என்றாள். கேலி இல்லாத குரல். சட்டென்று குட்டையாக முடிந்த குரல். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். அடுத்த இழுப்பு வந்தது, கடத்தினாள். உடனே இரண்டு திரும்பி வந்தது. பெருமூச்சு விட்டாள்.

ஒரு நிமிடம் கழித்து, பின்னாலிருந்து, மெதுவாக இன்னும் ஒன்று.

கோபம் போச்சா? இந்தக் காற்றிலும் மணலிலும் இதைக் கேட்கிறாள் பார், கழுதை. கை தானாகவே இழுக்கப் போனது. வழிகாட்டி சொன்னது நினைவு வந்தது. அதைவிட, ஆறு வருடக் கோபத்தைக் கயிற்றில் தீர்த்துக்கொள்ள அவளுக்கு மனம் இல்லை. கீழே போய், முகத்தைப் பார்த்து, சாவியைக் கையில் வைத்துச் சொல்ல வேண்டும். பொறுடி, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னால் போகும் கயிறு கனத்தது. சின்னவளுக்கு மூச்சு வாங்குகிறது, தொங்கிக்கொண்டு வருகிறாள். ஏற்றத்தில் பின்னால் வருகிறவள் கீழேதான் இருப்பாள், கயிறும் கீழ் நோக்கித்தான் இழுக்கும். அது நியாயம்.

இப்போது ஏற்றம் முடிந்து சமதளம். கயிறு இன்னும் கீழ் நோக்கியே இழுத்தது.

தவழ்கிறாளோ? "ஏய், எந்திரிச்சு நட" என்று கத்தினாள். வாய் நிறைய மணல். பதில் இல்லை. பயத்தில் கயிற்றை ஒருமுறை சுண்டினாள். இரண்டு இழுப்பு வந்தது. பளிச்சென்று, உடனே வந்தது. தங்கைதான். இருக்கிறாள். கயிற்றின் அந்தப் பக்கம் உயிரோடு ஒரு கை இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

மறுபடியும் அந்தச் சின்ன இழுப்பு.

இறக்கம் ஆரம்பித்தது. இறக்கத்தில் பின்னால் வருகிறவள் மேலே இருப்பாள். கயிறு இவள் தலைக்கு மேலிருந்து வர வேண்டும். வரவில்லை. இவள் குதிகாலை உரசிக்கொண்டு வந்தது. மணலை அறுத்துக்கொண்டு. சர்ரென்று. ஒரு அடி இவள் எடுத்து வைத்தால் ஒரு அடி அதுவும்.

அவள் திரும்பவில்லை. கண் போய்விடும் என்பதற்காக இல்லை. திரும்பாத வரைக்கும் தங்கை பின்னால் இருக்கிறாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நடந்தாள்.

கீழே காற்று நின்றது. கதவைச் சாத்தியது போல அப்படியே நின்றது. எதிரே கடல், படகு, வெயில். கல்யாண ஜோடி முடிச்சுகளைக் கைவிட்டுத் தண்ணீருக்கு ஓடியது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இவளைப் பார்த்தார். இவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"உங்க தங்கச்சி எங்கம்மா?"

அவள் திரும்பினாள். சரிவு காலியாக இருந்தது. நடந்து வந்த காலடிகள் வரிசையாகத் தெரிந்தன, கடைசியாக இருந்தவை அவளுடையவை. அவள் கையிலிருந்த முடிச்சிலிருந்து கயிறு விறைப்பாக மூன்று முழம் போய், மணலுக்குள் நேராக இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தில் ஒரு குழிகூட இல்லை, மணல் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

கயிறு இரண்டு தடவை அசைந்தது.

அவள் விழுந்து தோண்டினாள். கயிறு நழுவாமல் இருக்க இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வலது கையால் வாரி வாரிப் போட்டாள். தங்கையின் பெயரைக் கூப்பிட்டாள், ஆறு வருடமாக வாயில் வராத பெயர். வாத்தியார் ஃபிளாஸ்க்கைப் போட்டுவிட்டு எதிரே மண்டியிட்டுத் தோண்டினார். இடுப்பிலிருந்து கைக்குட்டை அவிழ்ந்து சாவி குழிக்குள் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. மணல் ஈரமானது. டிரங்குப் பெட்டி வாடை குப்பென்று மேலே வந்தது.

முழங்கை ஆழத்தில் ஐந்தாவது முடிச்சு இருந்தது. கை இல்லை. முடிச்சு சூடாக இருந்தது.

அதற்குக் கீழே ஒரு சாண் வால் இருந்து, பிசிறோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பிசிறு நுனியில் இன்னொரு கயிறு முடிச்சுப் போட்டு இணைக்கப்பட்டிருந்தது. மக்கிய பழைய கயிறு. அதில் ஒரு முடிச்சு. அதற்கும் கீழே இன்னொன்று, மூன்று இழை வெட்டுப்பட்ட இன்னொரு நுனி, இன்னொரு இணைப்பு. இணைத்த முடிச்சுகள் இறுக்கமாக, நேர்த்தியாக இருந்தன. நிறைய நேரம் இருக்கிறவர்கள் போட்டவை.

வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். பின்னோக்கியே நடந்து, பிறகு திரும்பி ஓடினார்.

அப்போது கீழேயிருந்து அது வந்தது. வெகு ஆழத்திலிருந்து. முடிச்சு முடிச்சாக. ஒவ்வொன்றாக அசைந்து மேலே வந்து, ஐந்தாவது முடிச்சைத் தொட்டு, அவள் மணிக்கட்டில் முடிந்தது.

மெதுவாக. ஒரே ஒரு இழுப்பு.

"வேணாம்மா" என்று வழிகாட்டி தூரத்திலிருந்து கத்தினான்.

பாயில் படுத்துக்கொண்டு, மணிக்கட்டில் நாடாவோடு, இருட்டில் காத்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெண். எப்போதும் அவள்தான் முதலில் கேட்பாள். இன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். இன்னும் எத்தனை தடவை கேட்க வைப்பது?

போயிடுச்சுடி. எப்பவோ போயிடுச்சு.

அவள் இரண்டு தடவை இழுத்தாள்.

வழிகாட்டி பக்கத்தில் வந்து நின்றான். கையில் கத்தி இருந்தது. மூச்சிரைத்தது அவனுக்கு. முகத்துணியை இறக்கியிருந்தான், வயதான, களைத்த முகம். அழுதுகொண்டிருந்தானா, மணலா, தெரியவில்லை.

"நான் இந்தப் பக்கம் வெட்டறதுக்குத்தான் ஓடி வந்தேன்" என்று அவள் மணிக்கட்டுக்கும் மணலுக்கும் நடுவே காட்டினான். "பதில் சொல்லிட்டீங்களேம்மா."

"அவளை வெளிய எடுங்க. அவ இருக்கா. இருக்கா பாருங்க!"

"இருப்பாங்க" என்றான். "இப்ப உங்களைக் கொடுக்காம இந்தப் பக்கம் வெட்டினா கீழ இருக்கறவங்க எங்களைத் தேடி வருவாங்க."

குனிந்து, அவளுக்கும் வாத்தியார் விட்டுப்போன முடிச்சுக்கும் நடுவில் கத்தியை வைத்தான். இரண்டே அறுப்பு. மூன்று முடிச்சு மிஞ்சிய கயிற்றைத் தோளில் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை நோக்கி நடந்தான்.

படகு கிளம்பியது. யாரோ கூப்பிட்டார்கள், அந்தப் புதுப்பெண்ணாக இருக்கும். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிறு இறுகியது. அவிழ்க்கப் பார்த்தாள். ஈரக் கயிறு அவிழவில்லை. குழியின் ஓரங்கள் தாமாகவே சரிந்து வந்து சாவியை மூடின. இடது கை முழங்கை வரை மணலுக்குள் போயிருந்தது. அங்கே உள்ளே விரல்கள் வந்து அவள் விரல்களைத் தொட்டன. தங்கையின் விரல்கள், நகம் கடித்த விரல்கள், தெரியாதா அவளுக்கு. அவற்றுக்குப் பின்னால் இன்னும் பல விரல்கள் அவசரமில்லாமல் வந்தன.

மேலே மணலில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் புதிதாக வெட்டிய நுனி கிடந்தது. பிசிறு பிசிறாக, வெள்ளையாக. வெயிலில் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. இன்னொரு விரற்கடை நகர்ந்தது.