மறிப்புக்கு அந்தப் பக்கம்

தலையணை உறையைத் தோய்த்து, வெயிலில் காயப்போட்டு, மடித்து அலுமாரியில் வைத்தவள் நஸ்ஹாதான். இருந்தும் அன்று காலை அதில் கருஞ்சீரக எண்ணெய் மணத்தது. அவள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தவிர வேறெதுவும் வைத்ததில்லை. அந்த வீட்டில் கருஞ்சீரக எண்ணெய் வைத்தவள் ஒருத்திதான், அவளுடைய ராத்தா, மூத்தவள் ஸாதியா. ஸாதியா காய்ச்சலில் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

"மச்சான், இத மணந்து பாருங்க," என்றாள் புருஷனிடம்.

றிஷாட் உறையை வாங்கி முகத்தோடு சேர்த்துப் பிடித்தான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்தான் என்று அவளுக்குப் பட்டது. "மழைக்காலம் புள்ள. அலுமாரிக்குள்ள ஈரம் ஏறி இரிக்கும்," என்றான்.

ஈரம் எப்போதிருந்து கருஞ்சீரகமாக மணக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அவனிடம் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

காத்தான்குடியில் வாவிப் பக்கமாக இருந்த அந்த வீடு வாப்பா தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்கென்று கட்டியது. அங்கெல்லாம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவான், ஒத்துவராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியவனும் அவன்தான். நஸ்ஹா பெரிய பிள்ளையானதும் வாப்பா ஹோலுக்கு நடுவே பலகை மறிப்பு அடித்து வீட்டை இரண்டாக்கினார். வலது பக்கம் ஸாதியாவுக்கு, இடது பக்கம் நஸ்ஹாவுக்கு. தனித்தனி வாசல், தனித்தனி அடுப்போடு தனித்தனிக் குசினி. ஸாதியா போன பிறகு, நல்ல மருமகனை வெளியே அனுப்ப மனம் வராமல் குடும்பம் கூடி றிஷாட்டைத் தங்கச்சிக்கே முடித்து வைத்தது. அவனுடைய பெட்டி மறிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது, அவ்வளவுதான். வலது வாசலில் பூட்டுத் தொங்கியது. சாவி அவனிடம் இருந்தது.

பெட்டியோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் வந்தது. அதற்குள் ஒரு ஜேர்பில். எலி மாதிரித்தான், ஆனால் வாலில் மயிர் இருக்கும், பின்னங்காலில் நிமிர்ந்து நின்று ஆட்களை உற்றுப் பார்க்கும். ஸாதியா ஆசைப்பட்டு வளர்த்த சோடியில் மிஞ்சியது அது. தனிய விட்டால் வாடிச் செத்துவிடும் என்று றிஷாட் ஒரு துணை வாங்கி வந்து நேரே உள்ளே விட்டான். விடிந்தபோது துணையில் பாதிதான் கிடந்தது. பழையது மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"அவசரப்பட்டுட்டன்," என்றான் அவன். உண்மையாகவே கண் கலங்கியிருந்தான்.

இப்போது இன்னொன்று வாங்கி வந்திருந்தான். இந்த முறை தொட்டிக்கு நடுவில் கம்பிவலை அடித்து, ஆளுக்கொரு பக்கமாக விட்டான். நஸ்ஹாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

"முதல்ல மணம் பழகணும். இதுட படுக்கைய அதுக்குப் போடணும், அதுட படுக்கைய இதுக்கு. பொறகு இடத்த மாத்தி விடணும். இது ஆர்ட வீடு எண்டு ரெண்டுக்கும் மறந்து போகணும். அதுக்குப் பொறகுதான் மறிப்பக் கழட்டுற."

"எப்பிடிப் பிடிச்சு மாத்துவீங்க? கடிக்காதா?"

"கையால பிடிக்கப்படா, வால் உரிஞ்சி வந்துரும்." துணிக்கடையில் வேலை செய்பவன், துணி சுற்றி வரும் மட்டைக் குழல் ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தான். "இத வச்சிட்டு நாம அங்கால போனாச் சரி. உள்ளுக்கு என்ன இரிக்கி எண்ட சந்தேகத்துல அதுவாப் போய் ஏறும்."

சொன்ன மாதிரியே பழையது வந்தது. குழல் வாயை மணந்தது. ஏறியது.

அதற்குப் பிறகு அவளுடைய சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் நீலச் சால்வை. பிறகு வீட்டில் உடுக்கும் சட்டை. சீப்பில் சிக்கிய முடியைக்கூட யாரோ சுத்தமாக எடுத்திருந்தார்கள். போனது திரும்பி வந்தால் கருஞ்சீரகம் மணத்தது. மத்தியானங்களில், வாவிக் காற்று நின்று வீடு புழுங்கும் நேரத்தில், மறிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. குதிக்காலால் தரையைத் தட்டுவது போல, நிதானமாக, விட்டு விட்டு. கேட்டதும் தொட்டிக்குள் இரண்டு ஜேர்பிலும் பலகையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பின்னங்காலால் தாங்களும் தட்டின. பயந்தால்தான் அவை அப்படித் தட்டும் என்று றிஷாட் சொல்லியிருந்தான்.

பேய் பிசாசு என்று நஸ்ஹாவுக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒரு நாள் குசினிக் கதவால் பார்த்தாள். றிஷாட் ஒரு கோப்பைச் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனான். ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். என் வாப்பா கட்டிய வீட்டில், என் ராத்தாவின் கட்டிலில். போகிறதென்றால் அவன் போகட்டும், நான் ஏன் போக? கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அவன் பெட்டியை ரோட்டில் எறிவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுகைக்கு அவன் பள்ளிக்குப் போன பிறகு மழை இறங்கியது. கரண்டும் நின்றுபோனது. வலது வாசலைப் பார்த்தாள். பூட்டு இல்லை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. நீளமான, ஒடுங்கிய நடை. போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். ஈரச் சுவரும் பழைய சோறும் கருஞ்சீரகமும் ஒன்றாக மணத்தன. மழை ஓட்டில் கொட்டியது.

"ஆரு இஞ்ச?"

அறைக் கதவைத் தள்ளினாள்.

அறையில் கட்டில் மட்டும். அதன்மேல் துணிக் குவியல். நீலச் சால்வை, வீட்டுச் சட்டை, தலையணை உறைகள், எல்லாம் நார் நாராகக் கடித்துக் கிழிக்கப்பட்டு வட்டமாகச் சுற்றப்பட்டிருந்தன. இடையிடையே அவளுடைய முடி. நடுவில் ஒரு குழி. ஒரு ஆள் சுருண்டு படுக்கிற அளவு.

கை வைத்தாள். சூடு.

ஆள் இல்லை. அப்படியென்றால் எங்கே?

முன்வாசல் சாத்தப்படும் சத்தம். பூட்டு.

ஓடினாள். தள்ளினாள். அசையவில்லை. குசினிக் கதவுக்கு வெளியே பலகை அடித்திருந்தது. ஹோலுக்கு வந்து மறிப்பை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"மச்சான்! மச்சான், தொறங்க!"

"பயப்படாத புள்ள." அவன் குரல் பலகைக்கு மறுபக்கம், அவளுடைய ஹோலிலிருந்து, மிகவும் அன்பாக வந்தது. "ஒரே ஒரு ராத்திரி. இடம் மாறித்தான் ஆகணும். இந்த முற நான் அவசரப்பட மாட்டன். நாளைக்குத்தான் மறிப்பக் கழட்டுவன்."

"என்ன கதைக்கிறீங்க? அங்க ஆரு?"

அவளுடைய கதிரை இழுபட்டது. அவளுடைய கோப்பையில் சோறு வைக்கிற சத்தம். தொட்டிக்குள் ஜேர்பில்கள் தட்டத் தொடங்கின. பிறகு ஏதோ ஒன்று, நடந்து அல்ல, தரையோடு தரையாக, மறிப்பை நோக்கி வந்தது.

நஸ்ஹாவின் கால் தானாகத் தரையைத் தட்டியது. நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை.

போன் வெளிச்சம் பலகையின் அடியில் விழுந்தது. அங்கே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் எண்ணெய் வழியும் முடி கொஞ்சம் வந்து கிடந்தது. பிறகு ஒரு மூக்கு. மனுஷ மூக்குத்தான்.

அது அவளுடைய காலை மணந்தது. கொஞ்சம் யோசித்தது. மறுபடியும் மணந்தது.