ஞாயிற்றுக்கிழமைக் கொம்பு

கொம்புச் சத்தம் முதலில் கேட்டபோது டாம்சினுக்குப் பயம் தோன்றவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்றுதான் தோன்றியது.

கார்ன்வாலின் அந்த மேட்டுநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேட்டைக்குப் போவதில்லை. சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் காலையில் தேவாலயம், மதியம் அடுப்பில் வேகும் ஆட்டுத்தொடை, அதன்பிறகு கணப்பருகே ஒரு தூக்கம் என்று கழிகிற நாளில் நாய்களை அவிழ்த்துவிடத் துணிந்தவன் இதுவரை அங்கே பிறக்கவில்லை. டாம்சினின் அப்பா காலமெல்லாம் வேட்டைக்கூட்டத்தோடு குதிரையேறியவர். சிறுமியாக அவர் பின்னாலேயே சேற்றில் அலைந்து அலைந்ததில், கொம்பின் ஒவ்வொரு ஊதலுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். இப்போது கேட்டது நாய்களை ஒன்றுகூட்டும் ஊதல். தெளிவாகத்தான் இருந்தது. கீழே பள்ளத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து வந்தது.

"கேட்டியா?" என்றாள் முன்னால் போய்க்கொண்டிருந்த க்வென்னா, சேணத்தில் திரும்பி உட்கார்ந்து.

"ம்."

"எவனுக்கோ கிழமை மறந்துபோச்சு. நேத்து குடிச்சது இன்னும் இறங்கல போல."

"எங்கேயோ தூரத்துல ஊதுறதைக் காத்து கொண்டு வந்திருக்கும்."

"காத்தா? எங்கடி இருக்கு காத்து?"

உண்மைதான். காற்றே இல்லை. காய்ந்து செம்பட்டையான பெரணிச் செடிகள் ஒரு இலைகூட அசையாமல் நின்றன. கோடை முழுக்க மழை பொய்த்து, குளங்கள் வெடித்து, பிறகு ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்த வருஷம் அது. நவம்பர் வந்தும் மண் இன்னும் ஊறிக்கிடந்தது. குதிரைக் குளம்பு பதிந்து எழும்போதெல்லாம் சப்பென்று ஒரு சத்தம், கூடவே அழுகிய வேர்களின் வாடை. நாலு மணிகூட ஆகவில்லை. அதற்குள் மூடுபனி பழைய தகரச்சுரங்கத்தின் புகைபோக்கியை இடுப்புவரை விழுங்கியிருந்தது.

க்வென்னா டாம்சினின் புருஷன் ஜோரிக்குத் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். வெறும் நாத்தனார் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். போன வசந்தத்தில் டாம்சினின் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனபோது, ஜோரி தொழுவத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான். படுக்கையில் கூடவே படுத்து, ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், விடிய விடிய அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் க்வென்னா. இன்றைக்கும் அவள்தான் கிளப்பிக்கொண்டு வந்தாள். "அண்ணன் உருளைக்கிழங்கு உரிக்கட்டும். நீ எந்திரி. அந்தக் கிழட்டுக் குதிரைக்கும் உனக்கும் சேர்ந்தே துருப்பிடிக்குது" என்று சொல்லி, காலணியை அவளே மாட்டிவிட்டாள்.

அந்தக் கிழட்டுக் குதிரைதான் இப்போது நின்றுவிட்டது. பெப்பர் என்ற சாம்பல் நிறப் பெண்குதிரை. வாலிபத்தில் எத்தனையோ வேட்டை பார்த்தது; கொம்புச் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் காதை நிமிர்த்தித் துள்ளும். இன்று காதுகளைத் தலையோடு ஒட்ட மடித்துக்கொண்டது. டாம்சினின் தொடைகளுக்கிடையே அதன் உடம்பு மெல்ல நடுங்கியது, கொதிக்கும் பாத்திரத்தின் மூடிபோல.

கொம்பு மறுபடி ஊதியது. இந்த முறை பக்கத்தில்.

"நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்" என்றாள் க்வென்னா. "நம்ம ஆடெல்லாம் அந்தப் பள்ளத்துலதான் மேயுது. நாய் விரட்டினா நாசமாப் போயிடும்."

"வேண்டாம். வீட்டுக்குப் போயிடலாம்."

"உன் கிழவி நடுங்குறா, அவளைப் பிடிச்சுக்கிட்டு இந்தச் சந்துலயே நில்லு. இதோ வந்துட்டேன்."

அவளுடைய செம்மண் நிறக் குதிரை சரிவில் இறங்கியது. முதலில் அதன் கால்கள் மறைந்தன. பிறகு க்வென்னாவின் முதுகு. பிறகு சத்தம்.

டாம்சின் காத்திருந்தாள்.

சந்துப் பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குக் கல்லும் மண்ணுமாய்க் கரை, அதன்மேல் முள்வேலி. ஒரு பக்கக் கரையில் ஆடுகள் புகுந்து புகுந்து உண்டான இடைவெளி. அந்த இடைவெளி வழியே இறங்கி, சதுப்பை ஒட்டிப் போய், ஓடையைத் தாண்டினால் வீட்டின் பின்கட்டு. நாணலுக்குள் காலைப் பார்த்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு அது குறுக்குவழி. க்வென்னா அதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடப்பாள். டாம்சின் முட்களின் நுனியில் கோத்து நின்ற பனித்துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் குரைக்கிறதா என்று உற்றுக் கேட்டாள். வேட்டைநாய்க் கூட்டம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. முனகும், சிணுங்கும், சண்டை போடும். எதுவும் கேட்கவில்லை. கீழே பள்ளத்தில் ஏதோ ஒன்று பெரிதாக விழுந்ததுபோல ஒரு சத்தம். ஒரு குதிரையின் கனைப்பு. அது பாதியிலேயே நின்றது.

"க்வென்னா!"

பனி அந்தப் பெயரைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்டது.

அப்புறம் காலடி. ஓடிவரும் காலடி. குதிரையின் காலடி அல்ல.

க்வென்னா பனிக்குள்ளிருந்து வந்தாள். குதிரை இல்லை. தொப்பி இல்லை. ஒரு காலில் காலணி இல்லை. காலுறை கிழிந்து சேறும் ரத்தமுமாக இருந்தது. வாய் திறந்திருந்தது, ஆனால் மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் டாம்சின் அதுவரை ஒருநாளும் பயத்தைப் பார்த்ததில்லை. அதனால் ஒரு கணம் அது வேறு யாரோ என்று நினைத்தாள்.

"ஏறு!" டாம்சின் குனிந்து கையை நீட்டினாள். "பின்னால ஏறு, சீக்கிரம்!"

க்வென்னா ஓரடி முன்னால் வைத்தாள். பெப்பர் மிரண்டு பின்வாங்கியது. தினமும் காலையில் ஆப்பிள் ஊட்டும் அந்தக் கையின் வாடை பட்டதும், ஓநாயைக் கண்டதுபோலக் கண்ணின் வெள்ளை தெரிய, கரையோடு ஒட்டிக்கொண்டது. க்வென்னா அதைப் பார்த்தாள். அது தன்னை ஏற்றாது என்று புரிந்துகொண்டாள். நீட்டிய கையைத் தொடவில்லை. தன் விரலை உதட்டின்மேல் வைத்தாள். தலையை மெல்ல இடவலமாக அசைத்தாள்.

சொல்லாதே.

பிறகு ஆட்டு இடைவெளிக்குள் குனிந்து நுழைந்தாள். முள்ளில் துணி கிழியும் சத்தம். அவ்வளவுதான்.

நாய்கள் வந்தன.

சந்தின் அகலம் முழுக்க நிறைந்து, வெள்ளமாய், ஒரு சத்தமும் இல்லாமல் வந்தன. எத்தனை என்று தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தன. டாம்சினின் கைகள் தாமாகவே பழக்கத்தைச் செய்தன. நாய்களை உதைத்துவிடாதபடி குதிரையின் முகத்தைப் பாதைப் பக்கம் திருப்பி நிறுத்துவதுதான் மரியாதை. நிறுத்தினாள். ஈரநாயின் வாடை அடிக்கவில்லை. நெடுநாள் திறக்காத நிலவறையைத் திறந்தால் வருமே, மண்ணும் குளிரும் கலந்த வாடை, அதுதான் அடித்தது.

பின்னால் குதிரைகள். கறுப்பு அங்கிகள். ஆண்களும் பெண்களும். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். குதிரைகளின் மூக்கிலிருந்து ஆவி வரவில்லை.

முன்னால் வந்த வேட்டைத்தலைவன் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினான். தொப்பியைத் தொட்டான்.

"மன்னிக்கணும் அம்மணி. வழியை மறிச்சுட்டோம்." குரல் அந்த ஊர்க் குரல்தான். பக்கத்துப் பண்ணைக்காரன் மாதிரி, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சிரித்து. "அவளைப் பார்த்தீங்களா?"

நரியை வேட்டைக்காரர்கள் எப்போதும் அவன் என்றுதான் சொல்வார்கள்.

"யாரை?"

"இப்பத்தானே போனா."

"நான் யாரையும் பார்க்கல."

"சரி அம்மணி" என்றான். போகவில்லை.

நாய்கள் மண்ணை முகர்வதை நிறுத்தின. ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி டாம்சினைப் பார்த்தன. பெப்பரைச் சுற்றி உட்கார்ந்தன, பிரசங்கம் கேட்க உட்கார்வதுபோல. ஒன்று மட்டும் எழுந்து வந்து, சேணத்தின் அங்கவடியில் பதிந்திருந்த அவள் காலணியின்மேல் மூக்கை வைத்தது. தோலைத் தாண்டிக் குளிர் உள்ளே இறங்கியது.

"எனக்கு அவசரமில்ல" என்றான் அவன். "எவ்வளவு நேரம்னாலும் நிப்பேன். இதுங்களாலதான் முடியாது. பனியில வாசம் விட்டுப்போச்சு. பாவம், யாரையாச்சும் துரத்தியாகணும் இதுங்களுக்கு."

டாம்சின் ஓடையை நினைத்தாள். ஒற்றைக் காலணியோடு க்வென்னா இப்போது நாணலுக்குள் இருப்பாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சநேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஓடையைத் தாண்டிவிடுவாள். பின்கதவு. ஜோரி. விளக்கு. இன்னும் கொஞ்சம்.

நாய் அவள் காலணியை வாயில் கவ்வியது. கடிக்கவில்லை. கவ்விக்கொண்டு மேலே பார்த்தது.

யாரோ அவள் கையைத் தூக்கினார்கள் என்று பிற்பாடு நினைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் தூக்கவில்லை. அவளேதான் தூக்கினாள். ஆட்டு இடைவெளியைக் காட்டினாள்.

"ரொம்ப நன்றி அம்மணி."

நாய்கள் கரையேறின, அவற்றின் பின்னால் அவனும். வேலி அசையவில்லை. ஒரு முள்ளிலிருந்தும் ஒரு துளிகூட விழவில்லை. அவை மறுபுறம் இறங்கியபிறகுதான் முதன்முதலாகச் சத்தமிட்டன. குரைப்பு அல்ல அது. நிறையப் பேர் ஒரே சுருதியில் வாயைத் திறந்து அழுதால் எப்படி இருக்கும், அப்படி. சதுப்பைத் தாண்டிப் போயிற்று. ஓடையை நோக்கிப் போயிற்று. ஓடையருகே நின்றது.

ஒரு குரல் கேட்டது. ஒரே ஒரு முறை. உதவிக்குக் கூப்பிடவில்லை, டாம்சின் என்றுதான் கூப்பிட்டது.

அப்புறம் கொம்பு. இரை விழுந்ததும் ஊதுவது, நீண்டு, நடுங்கி, இறங்கும் ஊதல். அப்பாவின் பின்னால் அலைந்த நாட்களில் அதைக் கேட்டதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றுவார்கள்.

சந்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

போகவேண்டும். டாம்சின் குதிகாலால் குதிரையை இடித்தாள். இன்னும் பலமாக இடித்தாள். பெப்பர் நடுங்கவில்லை இப்போது. அமைதியாக நின்றது. அதன் மூக்கைப் பார்த்தாள். ஆவி வரவில்லை.

வேட்டைத்தலைவன் கரைமேல் ஏறித் திரும்பி வந்தான். நாய்களும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தன. அவன் வலதுகைக் கையுறையைக் கழற்றியிருந்தான். விரல்கள் ஈரமாக இருந்தன. அவள் பக்கத்தில் குதிரையை ஒட்டி நிறுத்தி, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோலக் குனிந்தான்.

"முதல் தடவைதானே?"

முதல் வேட்டைக்கு வரும் பிள்ளைகளின் கன்னத்தில் செத்த நரியின் ரத்தத்தைத் தடவும் வழக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் அன்றைக்கு முகம் கழுவமாட்டார்கள். பெருமை.

கட்டைவிரல் அவள் இடது கன்னத்தில் இறங்கியது. பிறகு வலது கன்னத்தில். அந்தச் சந்தில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் மற்றவர்கள் தலை நிமிர்ந்தார்கள். ஆண்கள். பெண்கள். நரைத்தவர்கள். பள்ளிக்கூட வயதில் ஒருத்தி. ஒவ்வொரு முகத்திலும் இரண்டு தடங்கள். சிலருக்குக் கறுத்துப்போய், உரிந்து. சிலருக்கு இன்னும் செம்பழுப்பாய். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கோபமில்லை. ஏளனமில்லை. ரயிலில் உட்கார இடம் விடுவதுபோல, வரிசையில் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் ஒரு குதிரைக்கு இடம் விட்டார்கள்.

பெப்பர் தானே நடந்து போய் அதில் நின்றது.

இருட்டிக்கொண்டு வந்தது. சந்தின் மேல்முனையில், வீட்டுப் பக்கத்திலிருந்து, மஞ்சளாய் ஒரு வெளிச்சம் பனிக்குள் ஆடியது. கைவிளக்கு. கனத்த காலணிகளின் சத்தம், கல்லில் தடுக்கி, ஒரு வசவு.

"டாம்சின்! க்வென்னா! எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? சாப்பாடு ஆறிப்போச்சு!"

கத்த நினைத்தாள். வாய் திறந்தது. அதிலிருந்து மண்வாடையும் குளிரும்தான் வந்தன.

நாய்கள் எழுந்தன. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் வெளிச்சத்தின் பக்கம் திரும்பின.

வேட்டைத்தலைவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சேணத்தில் திரும்பி, தொப்பியைத் தொட்டு, டாம்சினைப் பார்த்தான். காத்திருந்தான்.

"டாம்சின்? நீயா அங்க நிக்கிறது?"

அவள் கை எழுந்தது.