தேயிலை மணந்த கறுப்புப் பை

கிர்ர்ர்ர்...!

தேயிலை பெக்டரி கேட்டில் காவலுக்கு நின்ற வாச்சர் ஜூலியனின் போன் அலறியது. இன்னும் விடியவில்லை. பொகவந்தலாவைப் பனி கேட்டையே விழுங்கியிருந்தது.

"அண்ணே... கஜேந்திரன் பேசுறேன். ரவுண்டு போன எடத்துல ஒரு ஆளப் புடிச்சிட்டேன்!"

"களவா?"

"கையில கறுப்புப் பைண்ணே. தேயிலை கும்முன்னு மணக்குது. பள்ளத்துப் பக்கம் எறங்கிப் போனாங்க..."

"சபாஷ்! கொண்டாந்து ரூமுல வைடா. யாரு?"

"அது வந்துண்ணே..."

"சொல்லித் தொலைடா!"

"அண்ணிங்கண்ணே... நம்ம சிசிலி அண்ணி."

ஜூலியனுக்குக் காது அடைத்தது. கட்டின பெண்டாட்டியா...?!

அந்தத் தோட்டத்தில் ஜூலியனின் மூக்கு பிரசித்தம். இடுப்பு மடிப்பில் ஒரு பிடி தேயிலைத் தூள் கடத்தினாலும் மோந்து பிடித்துவிடுவான். போன வருசம் சொந்த மச்சானையே பொலிசில் பிடித்துக் கொடுத்த மகராசன்!

காவல் அறையில் சிசிலி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஜூலியன் குனிந்து மோந்தான்.

தேயிலையேதான்!

"பைய அவுருடி!"

"மாட்டேங்க."

"ஊருக்கு ஒரு நியாயம், பொஞ்சாதிக்கு ஒரு நியாயமா? தோட்டமே காறித் துப்பும்டி! அவுரு!"

"களவுதான். நான்தான் எடுத்தேன். போதுமா?"

கஜேந்திரன் பதறினான். "அண்ணி, வேலையால பேர வெட்டிருவாங்க! பொலிசு, கோர்ட்டுன்னு..."

"வெட்டட்டும் தம்பி."

கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகள் பையை இன்னும் இறுக்கின. வேலை போகட்டும்... மானமும் போகட்டும்... பையை மட்டும் திறக்கக் கூடாது! திறந்தால் அவள் வீட்டை விட்டு ஒரு உயிர் போக வேண்டி வரும்!

ஜூலியன் பொலிசுக்குப் போன் எடுத்தான்.

"போன வைடா, ஜூலியா!"

வாசலில் மரியரட்ணம். ஜூலியனின் அப்பா. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ஒரு துணிப்பை. லயத்து வீட்டு வரிசையில் ஒரு வாய் போதாதா? சேதி அவருக்கு எட்டிவிட்டது.

"மாமா! நீங்க ஏன் வந்தீங்க? போயிருங்க மாமா!" சிசிலி அலறினாள்.

"விடு புள்ள. ஒன்ன கள்ளியாக்கிட்டு நான் என்னத்த கட்டிக்கப் போறேன்?"

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கறுப்புப் பையை வாங்கினார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இன்னொரு பை! அதற்குள் பேப்பர் சுற்றிய பொட்டலம். பிரித்தார். காய்ந்த தேயிலைச் சக்கையும் அடுப்புச் சாம்பலும் கொட்டின.

ஜூலியன் பின்வாங்கினான்.

சுருட்டி ஒட்டிய பெம்பஸ்! குழந்தைக்குக் கட்டுவதல்ல. பெரியவர்கள் கட்டுவது!

"யா... யாரோடது?"

"என்னோடது."

மரியரட்ணம் பொட்டலத்தைக் கீழே போட்டார்.

"ரொம்ப நாளா அடக்க முடியலடா. இவதான் எல்லாம் பாக்குறா. குடிச்ச தேயிலச் சக்கைய அடுப்புக்கு மேல காய வச்சுத் தூவுவா. நாத்தம் வராது. ரெண்டு பையில இறுக்கிக் கட்டி, நீ காவலால வர்றதுக்குள்ள கொண்டுபோய்ப் பொதைச்சிருவா."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"ஒங்கம்மா சொன்னாளேடா!"

ஜூலியனுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

'வீடு நாறுது, மனுஷன் சோறு திங்க முடியல' என்று பெற்றவளை ஹட்டன் பக்கத்து முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். கொண்டுபோய் விட்ட மழைக்காலத்திலேயே அவள் சவப்பெட்டியில் திரும்பி வந்தாள்.

"அத்தை இருக்கையில எனக்கு இந்த வழி தெரியாமப் போச்சுங்க..." சிசிலி வெடித்து அழுதாள். "தெரிஞ்சிருந்தா நம்ம வீட்டுலயே கண்ண மூடியிருப்பாங்க. மாமாவயாச்சும் காப்பாத்திப்புடலாம்னு பாத்தேன்..."

மரியரட்ணம் துணிப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"உடுத்த ரெண்டு சாரம், ஒரு செபமாலை. எடுத்து வச்சிட்டேன். ஒங்கம்மா இருந்த எடத்துக்கு நானே பஸ் ஏறிக்கிறேன். இவள விட்டுரு."

"ஐயோ அப்பா...!"

ஜூலியன் சுவரோடு சரிந்தான். பேர்போன அந்த மூக்கு, சளியும் கண்ணீருமாக ஒழுகியது. "அம்மா... அம்மா..." என்று சின்னப் பிள்ளையாகத் தேம்பினான். கஜேந்திரன் வெளியே போய் நின்றுகொண்டான்.

வெகுநேரம் கழித்து ஜூலியன் எழுந்தான். அப்பாவின் துணிப்பையைப் பிடுங்கிச் சிசிலியிடம் கொடுத்தான். கீழே கிடந்ததை வெறும் கையால் அள்ளினான். பேப்பரில் சுற்றினான். கறுப்புப் பையில் போட்டுக் கட்டினான்.

"இப்புடியில்லைங்க..." சிசிலி விசும்பினாள். "காத்தப் பிதுக்கிட்டுக் கட்டணும்."

அவிழ்த்து, காற்றைப் பிதுக்கி, மறுபடி கட்டினான். மேலே இன்னொரு பை. அதுவும் கட்டியாயிற்று.

"எங்கடி பொதைப்ப?"

"பள்ளத்துக்கு அங்கிட்டு... மண்வெட்டி அங்கனயே கெடக்கு."

"அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இனிமே இது என் வேலை."

பையோடு பனிக்குள் இறங்கினான். பின்னாலிருந்து மரியரட்ணத்தின் உடைந்த குரல் துரத்தியது.

"பாத்துப் போடா! இந்தத் தோட்டத்து வாச்சர் பொல்லாதவன்... தேயிலைக் கள்ளன்னு ஒன்னையும் புடிச்சு உள்ள போட்ருவான்!"