எரியாத புல்

தீ வைத்த மூன்றாம் நாள் காலை, சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் அது அவளுக்கு உறுத்தியது. கருகிக் கிடந்த வெளியின் நடுவே, தொலைவில், ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பச்சையாக ஒரு திட்டுப் புல்.

அந்த வனவிலங்குக் காப்பகத்தில் அவள் வனக்காவலர். கணவன் டிராக்டர் ஓட்டுநர். புல்வெளியை விழுங்கியிருந்த முள்புதர்களை இரண்டு வருடமாக வேரோடு பிடுங்கி, காய்ந்த பழம்புல்லைக் கொளுத்தி, மழைக்குப் பின் துளிர் வந்தால் மான்களும் வானம்பாடிகளும் திரும்பும் என்று காத்திருந்தார்கள். தீ வைத்தது அவள் கைதான். ஒரு துரும்பு மிச்சமில்லாமல் எரிந்ததை அவளே நடந்து பார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

மறுநாள் அந்தத் திட்டு தண்ணீர்த் தொட்டிக்கு இப்பால் இருந்தது. அதற்கு மறுநாள், வீட்டு வேலியை ஒட்டி.

"நடக்குற புல்லா?" கணவன் சிரித்தான். "அப்ப நாளையிலேருந்து அதையே ரோந்துக்கு அனுப்பிடு. நீ காலை நீட்டிப் படுத்துக்க."

"விளையாடாதீங்க. நேத்து தொட்டிகிட்ட இருந்துச்சு. சாம்பல்ல ஒரு தடம்கூட இல்ல."

"கொஞ்ச நஞ்சப் புகையா குடிச்சிருக்க? கண்ணுதான் ஏதோ காட்டுது." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "சரி, சாயந்திரம் வெட்டிப் போட்டுடறேன். போதுமா?"

பொழுது சாயும் நேரத்தில் நான்கு வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஜன்னலைப் பார்த்திருந்தாள். புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டி அவன் நடக்க நடக்க, ஒவ்வொரு அடிக்கும் கிளம்பிய சாம்பல் கணுக்கால் உயரத்தில் மிதந்து, அடங்காமல் அப்படியே நின்றது. அடுப்பில் கொதிக்கும் பாலின் வாசனையையும் மீறி, கரிந்த நாற்றத்துக்கு அடியிலிருந்து, நெடுநாள் மூடிவைத்த ஈரத்துணியின் வாடை வந்தது. பூச்சிகளின் சத்தம் இல்லை. காற்றும் இல்லை. பச்சைத் திட்டு மட்டும் அசைந்தது.

மெஷின் உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரம்தான். அதை அணைக்காமலே கழற்றிக் கீழே வைத்தான். மண்டியிட்டு, இரு கைகளாலும் புல்லை விலக்கி, உள்ளே எதையோ உற்றுப் பார்த்தான்.

"இங்க வாயேன்."

அவனுடைய மெல்லிய குரல். அத்தனை உறுமலுக்கு நடுவிலும் அது அவள் காதருகே கேட்டது.

பிறகு, கட்டிலில் படுப்பது போல, அந்தப் புல்லுக்குள் படுத்துக்கொண்டான்.

சீப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். "பாப்பா, வெளிய வராத!"

சாம்பல் வாயில் அப்பியது. மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கறுப்புத் தரை. புல் இல்லை. அவன் இல்லை. அவன் காலடித் தடங்கள் அந்த இடம்வரை வந்து நின்றிருந்தன. திரும்பிய தடம் இல்லை.

"என்னங்க!"

மெஷினை நிறுத்தினாள். அப்போதுதான் வீட்டுப் பக்கமிருந்து பாப்பாவின் சிரிப்பு கேட்டது.

திரும்பினாள்.

பின்வாசல் திறந்திருந்தது. சமையலறை வெளிச்சம் படியில் விழுந்தது. படிக்குக் கீழே இரண்டு திட்டுகள். ஒன்று பழையது. இன்னொன்று புதிது, நுனிகள் சொட்டிக்கொண்டிருந்தன. பாதிப் பின்னலோடு படியில் உட்கார்ந்து, அந்தப் புதுப் புல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தது குழந்தை.

"அம்மா, அப்பா ஏன் இவ்ளோ ஈரமா இருக்காரு?"

பழைய திட்டு, காற்றே இல்லாமல், குழந்தையின் மடிமேல் மெல்லச் சாய்ந்தது.